சூடு காணாத குப்பி

சபையில் அவருக்கு வைத்த பெயர் 'சுத்தம்'. அன்பில் வைத்தார்களா, எரிச்சலில் வைத்தார்களா என்று அவர் விசாரித்ததில்லை. அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டார். நாற்காலியில் உட்காருமுன் கைக்குட்டையால் ஒரு தட்டு. யாருக்காவது கைகொடுத்தால், அந்த ஆள் திரும்பியதும் அதே கைக்குட்டையால் ஒரு துடைப்பு. ஜெபிக்க எழுந்தாரென்றால், அனுபவப்பட்டவர்கள் முழங்காலிலிருந்து ஓசைப்படாமல் நாற்காலிக்கு மாறிவிடுவார்கள். ஆண்டவரை அவருடைய எல்லாப் பட்டங்களோடும் கூப்பிட்டு முடிக்கவே ஆறேழு நிமிடம் பிடிக்கும். விஷயத்துக்கு அதன் பிறகுதான் வருவார். அதற்குள் பிள்ளைகள் தூங்கியிருக்கும். பெரியவர்களுக்கோ, கண்ணை ஏற்கெனவே மூடியிருப்பது ஒரு வசதி.

பிழைப்புக்கு அவர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தார். அறுவை சிகிச்சைக் கருவிகளிலிருந்து கிருமி நீக்குகிற பிரிவுக்குப் பொறுப்பாளர். பதினேழு வருடம். ஜன்னல் இல்லாத நீண்ட அறை. ஒரு முனையில் கழுவும் தொட்டி, நடுவில் கருவிகளை அடுக்கிப் பொட்டலம் கட்டும் மேசை, மறுமுனையில் சுவரளவு நிற்கும் நீராவி இயந்திரம். இரத்தக் கறையோடு இறங்கி வரும் கத்தரியும் இடுக்கியும் அந்த மூன்று இடத்தையும் கடந்து, பளபளவென்று மேலே அறுவை அறைக்குப் போகும்.

இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தினமும் காலையில் முதல் சுற்றில், கருவிகளோடு விரல் நீளக் குப்பி ஒன்றும் உள்ளே போகும். அதில் ஊதா நிறத் திரவம். கூடவே ஒரு காகிதத் துணுக்கில் லட்சக்கணக்கான நுண்ணுயிர்கள், தூக்கத்தில். லேசில் சாகிற ரகம் இல்லை. கொதிக்கிற தண்ணீரில் குளித்துவிட்டு எழுந்து வரக்கூடியவை. நீராவி அவற்றையே கொன்றுவிட்டால் மற்றக் கிருமிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். வெளியே எடுத்த குப்பியை ஒரு சிறிய சூட்டுப்பெட்டியில் ஒரு நாள் வைப்பார்கள். உயிர் ஏதாவது மிஞ்சியிருந்தால் அந்த இளஞ்சூட்டில் விழித்துத் திரவத்தை மஞ்சளாக்கிவிடும். ஊதாவாகவே இருந்தால் கருவிகள் மேலே போகலாம்.

பெட்டியில் அதன் பக்கத்தில் இன்னொரு குப்பியும் இருக்கும். அது இயந்திரத்துக்குள் போகாது, நீராவியின் சூடு காணாத குப்பி. அது மஞ்சளாகியே தீரவேண்டும். குப்பிக்குள் உயிர் இருந்தது, பெட்டி சூடாக இருந்தது, நடந்தது உண்மையான சோதனைதான் என்பதற்கு அந்த மஞ்சள்தான் அத்தாட்சி. ஆனால் தினமும் தவறாமல் மஞ்சளாகிற ஒன்றை யார் உற்றுப் பார்ப்பார்கள்? சுத்தம் முதல் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். இரண்டாவதைப் பார்க்காமலே பதிவேட்டில் 'மஞ்சள்' என்று எழுதுவார். கடைசி எழுத்துக்கு ஒரு அழகான சுழி வேறு.

அந்த வாரம் அவருக்குத் தலைக்கு மேல் நல்ல காரியங்கள். ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தில் மூன்று இயந்திரங்களோடு பெரிய பிரிவு திறக்கப் போகிறார்கள். அதற்குத் தலைமைப் பொறுப்பாளர் அவர்தான் என்று பேச்சு. திங்கட்கிழமை கடிதம் வரும். போதாததற்கு, ஞாயிறு ஆராதனையில் அவர் பேசவேண்டும். 'யாரும் பார்க்காத இடத்தில்' என்பது தலைப்பு. மறைவில் ஒரு விசுவாசி எப்படி நடக்கவேண்டும் என்பது பற்றி முக்கால் மணி நேரத்துக்குக் குறிப்பு எழுதி, கைப்பேசியில் தானே பேசிப் பதிவு செய்து, தானே கேட்டு, தானே உருகிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, கழுவும் தொட்டியில் வேலை பார்க்கும் அக்கா ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து நின்றாள். பார்த்து முடித்த குப்பிகளை அந்த டப்பாவில்தான் போடுவார்கள். வாரக் கடைசியில் அதை அப்புறப்படுத்துவது அவள் வேலை. அதே சபைதான் அவளும். கடைசி வரிசை, கதவோரம்.

"தம்பி, இந்த வாரம் மஞ்சளுக்குப் பஞ்சமா?"

"என்னக்கா?"

"எப்பவும் பாதி ஊதா, பாதி மஞ்சள் இருக்கும். இதுல எட்டும் ஊதாவா இருக்கே."

சுத்தம் சிரித்தபடியே எட்டிப் பார்த்தார். டப்பாவில் எட்டுக் குப்பிகள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நாளுக்கு இரண்டு. எட்டும் கத்தரிக்காய் நிறம்.

"வெளிச்சம் சரியில்லக்கா" என்றார்.

"வெளிச்சம் பதினேழு வருஷமா இதே வெளிச்சந்தான்."

அவர் சூட்டுப்பெட்டியின் மேல் கை வைத்தார். சில்லென்றிருந்தது. பெட்டியின் முன்னால் ஒரு அட்டை நிற்கும். அவரே அச்சடித்துச் சட்டம் போட்டு வைத்தது. 'தேவன் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று தங்க எழுத்தில். அதை நகர்த்தினார். அதன் பின்னால் எரிந்துகொண்டிருக்க வேண்டிய பச்சை விளக்கு அணைந்திருந்தது. பெட்டியின் ஒயர் கீழே சுருண்டு கிடந்தது. அது செருகியிருக்க வேண்டிய இடத்தில் வேறொரு ஒயர் இருந்தது. அவருடைய கைப்பேசிச் சார்ஜர். திங்கட்கிழமை காலையில், பிரசங்கம் பாதியில் நின்றுவிடக் கூடாதே என்று அவரே செருகியது.

கைப்பேசி நூறு சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது.

பதிவேட்டைத் திறந்தார். மஞ்சள். மஞ்சள். மஞ்சள். மஞ்சள். நான்கு நாள், நான்கு சுழி.

"இதுக்கு என்ன தம்பி அர்த்தம்?"

"ஒண்ணுமில்லக்கா. மிஷின் நல்லாத்தான் இருக்கு. சூடு, அழுத்தம் எல்லாம் சரியா காட்டுது. பொட்டலத்துல ஒட்டுற பட்டை எல்லாம் சூட்டுல கறுத்திருக்கு."

"நான் மிஷினக் கேக்கல" என்று சொல்லிவிட்டு அக்கா தொட்டிக்குத் திரும்பினாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக.

பிசாசு கொம்போடும் வாலோடும் வந்திருந்தால் சுத்தம் அவனை ஒரு கை பார்த்திருப்பார். அதற்கான வார்த்தைகள் அவரிடம் ஏராளம். வந்ததோ வெறும் நியாயங்கள். நல்ல, படித்த, இஸ்திரி போட்ட நியாயங்கள். இயந்திரம் கெட்டதாக ஒரு அறிகுறியும் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எல்லாம் சுத்தமாகவே இருக்கும். இப்போது வாயைத் திறந்தால் அறுவை அறை நிற்கும். நோயாளிகள் வீணாகப் பயப்படுவார்கள். நோயாளிகளைப் பயமுறுத்துவது அன்பா? பெட்டியின் ஒயரைச் செருகிவிட்டு, நாளையிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தால் போதாதா? அந்தப் புதுப் பிரிவுக்குத் தலைவரானால் எத்தனை பேருக்கு நேர்மையைக் கற்றுக்கொடுக்கலாம்! இந்தக் கடைசி நியாயம் வந்தபோது அவருக்கே கொஞ்சம் கூசியது.

கைப்பேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, ஞாயித்துக்கிழமைக்கு எந்தச் சட்டை? வெள்ளையா, நீலமா?"

"எதுவானாலும் சரி."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? பேச வேண்டிய நேரத்துல தொண்டையக் கெடுத்து வச்சுக்காதீங்க."

"ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு முழுக்கச் சொன்னார்.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "யாருக்குத் தெரியும்?"

"அக்காவுக்கு மட்டும்."

"வேலை போயிடுமா?"

"போகலாம். புதுசு கண்டிப்பா போயிடும்."

புதுப் பதவியைப் பற்றி அவள் தன் தங்கை மாமியார் வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

"உங்க ஜெபத்துக்கு முழங்கால் போட்டுப் போட்டே எனக்கு மூட்டு தேஞ்சுடுச்சு" என்றாள். "அதெல்லாம் நெசந்தானான்னு இன்னைக்குத் தெரிஞ்சுடும். வைக்கிறேன், பால் பொங்குது."

சுத்தம், பஞ்சும் துணியும் அடுக்கியிருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முழங்காலிட்டார். வழக்கம்போல ஆரம்பித்தார், வானத்தையும் பூமியையும் படைத்தவரே, சர்வ வல்லமையுள்ளவரே என்று. நான்காவது பட்டத்தில் குரல் நின்றுவிட்டது. இத்தனை வருடமாக ஒரு மேலதிகாரியை வாழ்த்துவதுபோல் தான் வாழ்த்திக்கொண்டிருந்த ஆண்டவர் இந்தத் துணி மூட்டைகளுக்கு நடுவில், கை எட்டும் தூரத்தில் இருக்கிறார் என்று திடீரென்று தோன்றியது. ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இவர் பேச்சை நிறுத்துவதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தார் போலும்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் சுத்தம். அவர் வாழ்நாளில் செய்த ஜெபங்களிலேயே சின்னது அதுதான்.

எழுந்து மணியைப் பார்த்தார். பத்து அடிக்க ஐந்து நிமிடம். பத்து மணிக்கு மேலே முதல் அறுவை.

மின்தூக்கிக்குக் காத்திருக்கவில்லை. நான்கு மாடிப் படி. பதினேழு வருடத்தில் அவர் அந்த அறையின் வாசலைத் தாண்டியதே கிடையாது. கருவிகள் மட்டும்தான் தாண்டும். வாசலில் இருந்த நர்ஸ் ஒரு மேலங்கியையும் முகமூடியையும் மாட்டிவிட்டு, "சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது" என்றாள்.

உள்ளே பெரிய டாக்டர் கழுவிக் கையுறை மாட்டிய கைகளை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் அவருக்கு 'இடி' என்று பெயர். கோயில் குளம் சர்ச் எதிலும் நம்பிக்கை கிடையாது. சுத்தத்தைப் பார்த்தால் 'பிரசங்கியாரே' என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன பிரசங்கியாரே, இங்க கூட்டம் போட வந்தீங்களா?"

"டாக்டர், அந்தக் கருவித் தட்டத் தொடாதீங்க."

அறையில் இருந்த ஐந்து பேரும் திரும்பினார்கள். சுத்தம் சொன்னார். ஒயர், சார்ஜர், எட்டு ஊதாக் குப்பிகள், பார்க்காமல் எழுதிய நான்கு மஞ்சள். எதையும் அலங்கரிக்கவில்லை. மூச்சு வாங்கியதில் அலங்கரிக்க நேரமும் இல்லை.

"அப்ப மிஷின் கெட்டிருக்கா?"

"தெரியாது டாக்டர்."

"கருவியெல்லாம் அசுத்தமா?"

"தெரியாது. தெரியும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தெரியாதுங்கறதுதான் விஷயம்."

இடி இடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தூக்கிய கைகளை மெதுவாக இறக்கினார். கையுறைகளைக் கழற்றினார். "எழுப்புங்க" என்றார் மயக்க மருந்து கொடுப்பவரிடம். பிறகு சுத்தத்தின் பக்கம் தலையை அசைத்தார். "இங்க வாங்க."

"கோடு..."

"வாங்கன்னா வாங்க."

சுத்தம் சிவப்புக் கோட்டைத் தாண்டினார். மேசையில் ஒரு பெண் படுத்திருந்தாள். பச்சைத் துணிக்கு வெளியே முகமும் பாதமும் மட்டும் தெரிந்தன. நாற்பது வயதிருக்கும். வாய் லேசாகத் திறந்திருந்தது, பேருந்தில் அசந்துபோனவளைப்போல. பாதத்தில் செருப்பு வார் போட்டிருந்த இடம் வெளுத்தும் மற்ற இடம் கறுத்தும் இருந்தது. வெயிலில் நிறைய நடக்கிறவள். துணி மெதுவாக ஏறி ஏறி இறங்கியது.

"இந்தம்மாவுக்கு என்னைத் தெரியாது" என்றார் டாக்டர், தணிந்த குரலில். "உங்களச் சுத்தமாத் தெரியாது. ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினோம், படுக்கச் சொன்னோம், படுத்துட்டாங்க. கிருமி என் கண்ணுக்குத் தெரியாது. உங்க கையெழுத்து தெரியும். அத நம்பித்தான் தினமும் வெட்டறேன். சாமிய நம்பறவங்களப் பாத்துச் சிரிப்பேன். ஆனா நான் நம்பறதும் கண்ணுல பாக்காத ஒண்ணத்தான். தெரியுமா உங்களுக்கு?"

சுத்தத்துக்குத் தெரியாது. பதினேழு வருடத்தில் கத்தரிகளைத் தெரியும், இடுக்கிகளைத் தெரியும், தட்டு எண்களை மனப்பாடமாகத் தெரியும். அவற்றின் மறுமுனையில் இப்படி ஒரு பாதம் இருக்கும் என்று தெரியாது. அடித்தளத்தில் அவர் போட்ட ஒவ்வொரு சுழிக்கும் மேலே ஒருவர் வாய் திறந்து தூங்கியிருக்கிறார். தூக்கத்தில் ஏறி இறங்கும் அந்தத் துணியின் முன்னால், ஆராதனையில்கூட அவர் நின்றிராத விதமாக நின்றார்.

பிறகு நடந்ததில் அழகு ஒன்றும் இல்லை. நான்கு நாள் தட்டுகள் எல்லாம் கீழே இறங்கின. நிர்வாகி வந்து கத்தினார். அந்த நாட்களில் அறுவை முடிந்திருந்த பதினொரு பேரிடமும் போய்ச் சொல்லவேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தார். தொலைபேசியில் நான்கு பேர், வார்டில் ஏழு பேர். "நீங்களும் கூட வாங்க" என்றார் சுத்தத்திடம். கட்டில் கட்டிலாகப் போனார்கள். ஒரு அம்மா அழுதாள். ஒருவருடைய மகன் சுத்தத்தின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டு, பிறகு தானே விட்டான். கடைசிக் கட்டிலில் ஒரு தச்சர். குடலிறக்கத்துக்கு அறுவை.

"எனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லையே" என்றார் தச்சர்.

"இல்லாமலே போகலாம். ஒரு வாரம் கவனமாப் பாத்துக்குவோம்" என்றார் டாக்டர்.

தச்சர் சுத்தத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

எந்தக் கேள்விக்கும் மூன்று வசனமும் ஒரு உதாரணமும் வைத்திருக்கும் சுத்தம் வாயைத் திறந்தார், மூடினார். தச்சர், "சரி, அந்தத் தலகாணியக் கொஞ்சம் தூக்கி வையுங்க" என்றார். தூக்கி வைத்தார்.

மதியம் இரண்டு மணிக்குப் புதிதாக இரண்டு குப்பிகள். ஒன்று இயந்திரத்துக்குள் போய் வந்தது, ஒன்று போகவில்லை. சூட்டுப்பெட்டியின் ஒயரை அக்காவே செருகி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் 'தொட்டா கையை ஒடிப்பேன்' என்று எழுதினாள். தங்க எழுத்து அட்டையைத் தூக்கிச் சுவரில், பெட்டிக்கு எதிரே மாட்டினாள். "இங்கிருந்தும் அவருக்குத் தெரியும்" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் சுத்தம் வந்துவிட்டார். பெட்டியின் சின்னக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இயந்திரத்துக்குள் போன குப்பி ஊதாவாக இருந்தது. சூடு காணாத குப்பியின் அடியில் மட்டும், ஊதா கலங்கியிருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது கலங்கல் பழுப்பானது. பழுப்புக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் கிளம்புவதுபோல் மஞ்சள் ஏறியது. யாரும் தொடவில்லை, குலுக்கவில்லை. சத்தம் ஒன்றுமில்லை. இருக்கிறதா என்று யாராலும் சொல்லமுடியாத சிறிய உயிர்கள், ஒரு இளஞ்சூடு பட்டதும், லட்சம் லட்சமாக எழுந்துகொண்டிருந்தன. பதினேழு வருடம் இந்த மஞ்சளைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார். காணப்படாதவற்றைப் பற்றி எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறார். ஒன்று கண் முன்னால் விழித்துக்கொண்டபோது, அவர் முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் இருந்தார். எப்போது இறங்கினார் என்று தெரியாது. நாற்காலியே தட்டி உட்காரும் மனிதர், ஆஸ்பத்திரித் தரையில், கைக்குட்டை விரிக்காமல்.

அக்கா பின்னால் வந்து நின்றிருந்தாள். கை ஈரத்தைத் துடைக்காமல் அவளும் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் இறங்கி வந்தார். அடித்தளத்துக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. தலை இடிக்காமல் குழாய்களுக்குக் கீழே குனிந்து வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார். ஒன்று எலுமிச்சை மஞ்சள், ஒன்று ஊதா.

"அப்ப?"

"மிஷின் நல்லா இருக்கு டாக்டர்."

"நாலு நாளும்?"

"பெரும்பாலும். ஆனா அந்த நாலு நாளப் பத்தி இனி யாரும் சத்தியம் பண்ண முடியாது."

அங்கேயே நின்றிருந்த நிர்வாகி, "அப்ப இத்தன களேபரமும் வீண்! வாய மூடிட்டு இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். கையில் ஒரு கடிதம் வைத்திருந்தார். புதுப் பிரிவுக்கு வேறொரு ஆள். விசாரணை முடியும்வரை சுத்தம் கழுவும் தொட்டியில், அக்காவின் கீழ்.

"என்கிட்டயா?" என்றாள் அக்கா. "முதல்ல நகத்த வெட்டிட்டு வரச் சொல்லுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. படியேறப் போனவர் திரும்பி, "தொட்டியில யார் இருந்தாலும் எனக்குக் கவலையில்ல" என்றார் நிர்வாகியிடம். "அந்த மஞ்சள தினமும் இவர் கண்ணால பாத்துச் சொல்லணும். இல்லன்னா நான் கத்தியத் தொடமாட்டேன்." போய்விட்டார். விசாரணையில் அது எடுபடுமா என்று யாருக்கும் தெரியாது. நிர்வாகிக்குக் கடிதத்தை எப்படி மடிப்பது என்றே அப்போது தெரியவில்லை.

ஞாயிறன்று சுத்தம் நீலச் சட்டையில் மேடையேறினார். முக்கால் மணி நேரத்துக்குத் தயாராகச் சபையார் உடம்பை வசதிப்படுத்திக்கொண்டார்கள். அவர் வெள்ளிக்கிழமை நடந்ததை நான்கு நிமிடத்தில் சொன்னார். சார்ஜரைச் சொல்லும்போது யாரோ சிரித்தார்கள். பாதத்தைச் சொல்லும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. "யாரும் பார்க்காத இடம்னு தலைப்பு வச்சேன். அப்படி ஒரு இடம் இல்ல. மன்னிச்சுக்குங்க" என்றார். போதகர், நேரம் நிறைய மிச்சமிருப்பதைப் பார்த்துத் திகைத்து, "அப்ப நீங்களே ஜெபிச்சு முடிச்சிடுங்க" என்றார்.

எல்லாரும் முழங்காலிட்டார்கள். அனுபவப்பட்டவர்கள் நாற்காலியின் ஓரத்தை ஒரு கையால் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

"ஆண்டவரே" என்றார் சுத்தம்.

அடுத்த பட்டத்துக்குச் சபை காத்திருந்தது. வரவில்லை. ஒலிபெருக்கி கெட்டுவிட்டதோ என்று ஒருவர் அதைத் தட்டிப் பார்த்தார். கெடவில்லை. அதில் சுத்தம் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் எல்லாருடைய மூச்சோடும் கலந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை தலையைத் தூக்கி, யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சுற்றிலும் தேடியது. கடைசி வரிசையில் அக்கா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். தேய்ந்த மூட்டோடு அவர் மனைவி அசையாமல் இருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. நாற்காலிக்கு ஒருவரும் மாறவில்லை.